பேஸ்பால் நாட்டில் ஒரு கடல் விஞ்ஞானி

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு. அதன் மேற்கே ஹைத்தி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. ஸ்பானிய மொழி பேசும், ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடு அது.  

டொமினிக்கன் குடியரசில் ஒரு பத்து வயதுப் பையனிடம், ‘யாரைப் போல வர ஆசை?’ என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர்தான் வரும். தென்கரையில் சான் பெட்ரோ டி மகோரிஸ் என்ற ஊர் இருக்கிறது. கரும்புக் காடும் சர்க்கரை ஆலையுமாக வளர்ந்த ஊர். சாமி சோசா, அல்ஃபோன்ஸோ சொரியானோ, ராபின்சன் கனோ எல்லோரும் அந்த ஊர்ப் பிள்ளைகள். அமெரிக்க மேஜர் லீகின் 30 அணிகளும் இந்த நாட்டில் பயிற்சிக்கூடங்கள் நடத்துகின்றன. 16 வயதில் ஒப்பந்தம் போடலாம்.

‘பிள்ளைகள் விளையாட்டு வீரர்களைத்தான் கொண்டாடுகிறார்கள், விஞ்ஞானிகளை யார் கண்டுகொள்கிறார்கள்?’ என்ற புலம்பல் எல்லா நாட்டிலும் கேட்கிறது. எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடில்லை. பணமும் புகழும் பிள்ளைகளை இழுக்கத்தான் செய்யும். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது: வழி கண்ணுக்குத் தெரிகிறது. தெருமுனையில் மைதானம், மைதானத்தில் பயிற்சியாளர், அவருக்கு மேலே பயிற்சிக்கூடம், அதற்கும் மேலே ஒப்பந்தம். ஏழைப் பிள்ளைகூட அடுத்த படி எது என்று விரலை நீட்டிக் காட்ட முடியும். விஞ்ஞானியாக வேண்டும் என்கிற பிள்ளைக்கு அப்படி எதைக் காட்டுவது? இந்தக் கேள்வியோடுதான் அந்த நாட்டு விஞ்ஞானிகளைப் பார்க்க வேண்டும்.

அதே சான் பெட்ரோ ஊரில் வளர்ந்தவர் எவாஞ்செலினா ரொட்ரிகெஸ். 1879இல் பிறந்தவர், கறுப்பினப் பெண், பாட்டி வளர்த்த பிள்ளை. சிறுமியாக இருந்தபோது தெருவில் தின்பண்டம் விற்றார். 1911இல் மருத்துவப் பட்டம் பெற்றார். டொமினிக்கன் பெண்களில் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். பிறகு பணம் சேர்த்துப் பாரிஸ் போய், மகப்பேறும் குழந்தை மருத்துவமும் பயின்று, 1925இல் திரும்பி வந்து, ஏழைத் தாய்மார்களுக்கு வைத்தியம் பார்த்தார். குழந்தைகளுக்குப் பால் கிடைக்க ஏற்பாடு செய்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1930இல் ட்ருஹியோவின் சர்வாதிகாரம் வந்தது. எவாஞ்செலினா அவரைப் புகழ மறுத்தார். அதற்காகத் துரத்தப்பட்டு, தனிமையில் நொடிந்து, 1947 ஜனவரியில் இறந்தார். அவ்வளவு பெரிய வாழ்க்கை, ஆனால் அவர் ஏறிய படிகளை அடுத்த பெண்ணுக்காக நிலைநிறுத்த ஆட்சி விடவில்லை. அவர் பெயரே பல காலம் பேசப்படாமல் கிடந்தது. தைரியம் ஒருவரை மேலே கொண்டுபோகும். பின்னால் வருகிறவர்களுக்கு நிறுவனம் வேண்டும்.

அந்த நிறுவனத்தைக் கட்டியவர் இடெலிசா பொன்னெல்லி. அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1931இல் சாண்டியாகோ நகரில் பிறந்தார். கடலை அறிவியலாகப் படிக்க ஆசை. மூன்று பக்கம் கடல் இருக்கிற அந்த நாட்டில் அன்று அதற்கு ஒரு படிப்பு இல்லை. நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளங்கலை, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை, நியூயார்க் நகரக் கடல்வாழ் உயிர்க்காட்சிச் சாலையில் வேலை. அங்கேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1961இல் ட்ருஹியோ கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே பொன்னெல்லி ஊர் திரும்பினார்.

சாண்டோ டொமிங்கோவின் அரசுப் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1538 என்று கணக்கிடுகிறது, அமெரிக்கக் கண்டங்களிலேயே பழையது என்று பெருமை கொள்கிறது. அவ்வளவு பழைய இடத்தில் அன்று உயிரியலுக்கென்று பட்டப்படிப்பு இல்லை. பொன்னெல்லி 1966இல் அங்கே கடல் உயிரியல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1967இல் உயிரியல் பட்டப்படிப்பை உருவாக்கும் பணியில் முன்நின்றார். தான் படிக்க நியூயார்க் போனதுபோல இனி ஒரு பிள்ளை போக வேண்டியதில்லை என்ற நிலை அப்போதுதான் வந்தது. அவர் பெற்ற எந்த விருதையும்விட இது பெரிது என்பேன்.

அடுத்து திமிங்கிலம். நாட்டின் வடகரையைத் தாண்டி ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் பான்கோ டி லா பிளாட்டா என்ற கடலடி மேடு இருக்கிறது. 1641இல் வெள்ளி ஏற்றிய ஸ்பானியக் கப்பல் ஒன்று மூழ்கிய இடம். அங்கே நீர் ஆழமில்லை, வெதுவெதுப்பானது. அட்லாண்டிக் அலையைப் பவளப்பாறைகள் தடுத்துவிடுவதால் உள்ளே அமைதி. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து சேர்கின்றன, இணை தேடவும் கன்று ஈனவும். கனடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துக் குளிர்கடல்களில் கோடை முழுக்கத் தின்று கொழுத்துவிட்டு வருகின்றன. இங்கே தாய்க்கு இரை அநேகமாக இல்லை, சேமித்த கொழுப்பிலேயே பால் கொடுக்கிறது. பிறந்த கன்றுக்கு உடம்பில் கொழுப்பு போதாது, குளிர்நீர் ஆகாது. இந்த நீண்ட பயணத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

வால் துடுப்பின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒரு திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல இன்னொன்றுக்கு இராது. அது முங்கும்போது வால் மேலே எழும், அந்த நொடியில் படம் எடுத்தால் அடையாளம் பதிந்துவிடும். வடகடலில் எடுத்த படத்தையும் இங்கே எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான், இரண்டும் ஒரே விலங்கு என்று கண்டுகொண்டார்கள். ஆக, வடக்கே எத்தனை சட்டம் போட்டாலும் பேறுகால இடம் பாழானால் பயனில்லை. பொன்னெல்லி இதை விடாமல் எடுத்துச் சொன்னார். 1986இல் அரசு அந்த மேட்டைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. பத்து ஆண்டு கழித்து ஸமானா விரிகுடாவும் அதில் சேர்ந்தது. இன்று ஸமானாவில் குளிர்காலம் வந்தால் திமிங்கிலம் காட்டப் படகு ஓட்டிப் பிழைக்கிறவர்கள் பலர். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 1987இல் குளோபல் 500 விருதை அவருக்குத் தந்தது.

1991இல் அவர் ஃபுண்டெமார் என்ற கடல் ஆய்வு அறக்கட்டளையை அமைத்தார். தென்கிழக்குக் கரையில் பயாஹிபே என்ற கடலோர ஊரில் அது இன்று பவளங்களை வளர்க்கிறது. பவள உயிரிகள் பல, ஆண்டில் சில இரவுகள் மட்டுமே, பௌர்ணமி கழிந்த நாள்களில், முட்டையையும் விந்தையும் நீரில் விடும். பாறைகளில் பவளம் அருகிப்போனதால் இரண்டும் சந்திப்பதே அரிதாகிவிட்டது. அதனால் இரவில் முக்குளித்து அவற்றைச் சேகரித்து, ஆய்வுக்கூடத்தில் கருவுறச் செய்து, குஞ்சுகளை வளர்த்துத் திரும்பக் கடலில் பதிக்கிறார்கள்.

ஹுவான் தவேராஸ் என்ற மருத்துவரின் கதை வேறு மாதிரி. 1919இல் மோகா என்ற ஊரில் பிறந்தவர், அமெரிக்காவில் பெயர் எடுத்தவர். ஸ்கேன் கருவிகள் வராத காலம் அது. எக்ஸ்ரேயில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. ரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்து, குழாய் எங்கே இடம் விலகியிருக்கிறது என்று பார்த்துக் கட்டியை ஊகிக்க வேண்டும். அதையே ஒரு தனித் துறையாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் அவர். 1962இல் உருவான அமெரிக்க நரம்புக் கதிரியல் சங்கத்தின் முதல் தலைவர். ஆனால் சாண்டோ டொமிங்கோவில் செடிமாட் என்ற நவீன நோயறி மையம் எழ உழைத்ததற்காகத்தான் அவரை இந்தப் பத்தியில் சேர்க்கிறேன். வெளியே போவதும் தவறில்லை, போன இடத்திலிருந்து ஒரு கயிற்றைக் கீழே விட்டால் போதும்.

பொறியியலுக்கும் படிகள் வந்துகொண்டிருக்கின்றன. 1972இல் தொடங்கிய இன்டெக் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அப்போலோ 27 என்று குழு அமைத்து, நாசா நடத்தும் ரோவர் போட்டிக்கு வண்டி செய்து எடுத்துப் போனார்கள். நிலவின் கரடுமுரடான தரையைப் போல அமைத்த பாதையில், காலால் மிதித்து ஓட்டும் வண்டி. வரைவதும் வெல்டிங் வைப்பதும் உடைந்ததைச் சரிசெய்வதும் அவர்களே. பள்ளிப் பிள்ளைக்கு இது உடனே புரியும். நேற்றுவரை பக்கத்துத் தெருவில் இருந்த அண்ணனும் அக்காவும் செய்தது அல்லவா?

பொன்னெல்லி 2022 ஜூலையில் காலமானார். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமோ வகுப்பிலோ அவரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், விருதுகளிலிருந்து தொடங்காதீர்கள். 1962 முதல் 1967 வரையான ஐந்து ஆண்டுகளைச் சொல்லுங்கள். படிப்பே இல்லாத ஊருக்குத் திரும்பி வந்து, முதலில் ஆய்வு மையத்தையும் பிறகு பட்டப்படிப்பையும் உருவாக்கினார் என்று சொல்லுங்கள். ‘அப்புறம்?’ என்று பிள்ளை கேட்டால், திமிங்கிலத்துக்குப் போகலாம்.