அம்மா பொய் சொல்லவில்லை

"கடந்த ஒரு மாதத்தில் தேநீருக்கு எத்தனை தேக்கரண்டி சீனி போட்டுக் குடித்தீர்கள்?"

"போடவே இல்ல. இனிப்புநீர்னு சொன்ன நாள்லேருந்து சீனி டப்பாவை நான் தொடுறதே இல்ல."

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில், கையில் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு அம்மாவிடம் நான் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் இவை. நான் சுழியம் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் மனத்துக்குள் நம்பவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.6 என்று வந்திருந்தது. "சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்ல" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நானும் என் பங்குக்குச் சத்தம் போட்டேன். "எங்களுக்குத் தெரியாம என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

நான் ஊட்டச்சத்து ஆய்வு ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கேட்கும் வினாப்பட்டியலைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன் சோதித்துப் பார்ப்பது எங்கள் குழுவின் பணி. பயிற்சிக்காக அம்மாவிடம் அதைக் கேட்டுப் பார்த்தேன். என் வேலையைப் பற்றி அந்தச் சோதனையில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

பட்டியலில் என்ன இருக்கும்?

சோறு, ரொட்டி சானாய், கோழி, மீன், கீரை, பழம் என்று வரிசையாக உணவுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மாதத்தில் ஒரு முறையா, வாரத்தில் இரண்டு முறையா, தினமுமா என்று குறிக்க வேண்டும். செலவு குறைவு என்பதால் ஆயிரக்கணக்கானவர்களை ஆராயும் பெரிய ஆய்வுகள் இந்த முறையையே நம்பியிருக்கின்றன. எதைச் சாப்பிட்டால் எந்த நோய் வரும் என்று நாம் நாளிதழில் படிக்கும் செய்திகள் பலவற்றுக்கும் அடிப்படை இப்படிப்பட்ட பாரங்கள்தாம்.

அதனால்தான் பாரத்தையே முதலில் சோதிக்கிறார்கள். அமெரிக்காவில் தாதியர்களிடம் நடந்த புகழ்பெற்ற ஆய்வுக்காக வால்டர் வில்லெட்டும் அவருடைய குழுவினரும் 61 உணவுகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினார்கள். அதை 173 பெண்களிடம் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை நிரப்பச் சொன்னார்கள். இடையில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம், சாப்பிட்டதையெல்லாம் அவர்கள் எழுதிவைத்தார்கள். 1985இல் அதன் முடிவு வெளிவந்தது. இன்றும் பலர் பின்பற்றும் வழி அது. அதில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு முறை கேட்டாலும் ஒரே பதில் வருகிறதா? இரண்டு, வரும் பதில் உண்மையா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புரட்டாசியும் தீபாவளியும்

அம்மாவிடம் முதல் முறை கேட்டது புரட்டாசி மாதக் கடைசியில். கோழி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை. இரண்டாம் முறை கேட்டது தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்து. கோழி வாரம் மூன்று முறை, மீன் இரண்டு முறை.

பெயரை எடுத்துவிட்டு அந்தத் தாள்களைக் குழுக் கூட்டத்தில் வைத்தேன். "இவருடைய பதில்கள் ஒத்துப்போகவில்லையே, ஞாபகம் சரியில்லாதவரோ?" என்று ஒருவர் கேட்டார். புரட்டாசி விரதத்தைப் பற்றி நான் சொன்ன பிறகுதான் விளங்கியது. அம்மா இரண்டு முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், இடையில் மாறியது அவருடைய சாப்பாடு. எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதைக் கவனிக்காவிட்டால் நல்ல பாரமும் கெட்ட பாரமாகத் தெரியும். நோன்பு மாதத்தில் ஒரு மலாய்க் குடும்பத்திடம் கேட்டாலும் இதே கதைதான்.

இதற்கு நேர்மாறாக, சீனிக் கேள்விக்கு இரண்டு முறையும் அச்சு மாறாமல் அதே பதில் வந்தது, சுழியம். முதல் சோதனையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

தராசோடு மூன்று நாள்

அடுத்தது இரண்டாவது சோதனை. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, வேலை நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று என மூன்று நாள்கள் அம்மா சாப்பிட்டதையெல்லாம் நிறுத்து எழுதினேன்.

முதல் நாள் அம்மா ரசமும் கீரையும் மட்டும் சாப்பிட்டார். நான் பக்கத்தில் தராசோடு நின்றால் வேறென்ன செய்வார்? யாராவது பார்க்கிறார்கள் என்றால் நாம் எல்லாருமே கொஞ்சம் மாறிவிடுகிறோம். எழுதிவைக்கும் முறைக்கும் இந்தக் குறை உண்டு. மூன்றாம் நாள்தான் அம்மா என்னை மறந்து வழக்கம்போல் சாப்பிட்டார்.

பாரத்தில் "ஒரு கிண்ணம் சோறு" என்றால் 200 கிராம். அம்மாவும் ஒரு கிண்ணம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் 290 கிராம் பிடித்தது. கூடுதல் 90 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை, கிண்ணங்கள்தான் வேறு.

பிறகு தேநீர் நேரம் வந்தது. அம்மா சீனி டப்பாவைத் தொடவில்லை. சொன்ன சொல் மாறவில்லை. டின் பாலைத் திறந்து, குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 20 கிராம், அதில் பாதியாவது சீனி. இரண்டு குவளைக்குக் கணக்குப் போட்டால் 40 கிராம். தேக்கரண்டியில் சொன்னால் எட்டிலிருந்து பத்து.

"டின் பால்ல இவ்வளவு இனிப்பா? பால்தானேன்னு நெனச்சேன்" என்றார் அம்மா.

டின் பாலைப் பற்றிப் பாரமும் கேட்கவில்லை, கிளினிக்கிலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும் தராசு ஒவ்வொரு நாளும் ஒரே எடையைத்தான் காட்டும். அதற்காக அந்த எடை சரியாகிவிடுமா?

உடலே சாட்சி

ஞாபகத்தையும் நம்ப முடியாது, நோட்டுப் புத்தகத்தையும் முழுமையாக நம்ப முடியாது என்றால் எதை வைத்துச் சரிபார்ப்பது? உடலையே சாட்சிக்கு அழைக்கும் வழி ஒன்று இருக்கிறது. சாதாரண ஹைட்ரஜன், ஆக்சிஜனுக்குப் பதிலாக அவற்றின் கனமான வகைகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு வாரங்களில் அவை எந்த வேகத்தில் வெளியேறுகின்றன என்பதைச் சிறுநீரில் அளந்து, உடல் எரித்த கலோரியைக் கணக்கிடுவார்கள். எடை மாறாமல் இருந்தால், எரித்த அளவுதான் சாப்பிட்ட அளவு.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1999, 2000ஆம் ஆண்டுகளில் 484 பேரிடம் இப்படிச் சோதித்தார்கள். வினாப்பட்டியலில் ஆண்கள் தங்கள் கலோரியை 31 முதல் 36 விழுக்காடு வரையிலும், பெண்கள் 34 முதல் 38 விழுக்காடு வரையிலும் குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. ஆக, இது எங்கள் அம்மாவின் பிரச்சினை மட்டுமல்ல.

அப்படியானால் இந்தப் பாரங்களைக் குப்பையில் போட்டுவிடலாமா? வேண்டாம். யார் அதிகம் சாப்பிடுகிறார், யார் குறைவாகச் சாப்பிடுகிறார் என்று ஆள்களை வரிசைப்படுத்த அவை உதவும். ஒரு தனி மனிதர் இத்தனை கிராம் சாப்பிட்டார் என்று தீர்ப்புச் சொல்லத்தான் அவை போதாது. அத்துடன், பட்டியல் அந்தந்த மக்களின் தட்டிலிருந்து பிறக்க வேண்டும். சிங்கப்பூரில் 1993 முதல் 1998 வரை 63,257 சீனர்களைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வுக்கு, அவர்களுக்கென்றே 165 உணவுகள் கொண்ட பட்டியலை உருவாக்கிச் சோதித்தார்கள். நம் வீட்டுத் தோசையும் சாம்பாரும் டின் பாலும் பட்டியலில் இல்லையென்றால், கணக்கிலும் அவை இருக்காது. இனிப்புநீர் அதிகமுள்ள நம் சமூகத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை கிளினிக்கில் உணவைப் பற்றிக் கேட்டால், "கொஞ்சம் சோறு" என்று சொல்லாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் தட்டையும் குடிக்கும் குவளையையும் மூன்று நாள் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். தேநீரில் என்ன பால் சேர்க்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். விரத மாதம் என்றால் அதையும் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களைச் சந்தேகிப்பதற்கு முன், சரியான கேள்வியைத்தான் கேட்டோமா என்று ஒரு முறை யோசியுங்கள்.

அன்று மாலையே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனார். அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போது காலையில் பால் இல்லாமல், சீனி இல்லாமல் 'தே ஓ கோசோங்' குடிக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. மாலைத் தேநீருக்கு மட்டும் ஒரு கரண்டி டின் பால் வேண்டும் என்கிறார்.

போன வாரம் திடீரென்று கேட்டார். "ஏம்மா, உங்க பாரத்துல இப்போ டின் பாலைப் பத்திக் கேக்குறீங்களா?"

"கேக்குறோம்மா. எத்தனை கரண்டின்னும் கேக்குறோம்."

"எந்தக் கரண்டின்னும் கேளு" என்றார் அம்மா.

மறுநாளே அந்தக் கேள்வியையும் சேர்க்கச் சொன்னேன்.