பொம்மைப் படம் இல்ல மாப்ள... இது அனிமே!

"காலேஜ் போற வயசுல பொம்மைப் படம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" - இந்த டயலாக்கை வீட்டுல ஒரு தடவையாவது வாங்கியிருக்கீங்களா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். இதுவரைக்கும் வாங்கலையா? கவலையை விடுங்க, இதைப் படிச்சு முடிச்சா அடுத்த வாரமே வாங்கிடலாம்!

நம்ம ஊர்ல கார்ட்டூன்னாலே சின்னப் பசங்க சமாச்சாரம். ஜப்பான்ல கதையே வேற. 1963 ஜனவரி 1-ம் தேதி ஒசாமு தெசுகாவோட 'ஆஸ்ட்ரோ பாய்' அங்க டி.வி.யில ஓட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் சின்னப் பசங்களுக்கு ஒண்ணு, காலேஜ் பொண்ணுங்களுக்கு ஒண்ணு, ஆபீஸ் முடிஞ்சு நடுராத்திரி வீடு திரும்புற அண்ணாச்சிக்கு ஒண்ணுனு அனிமே கிளை கிளையா பிரிஞ்சு வளர்ந்துடுச்சு. கொலை, அரசியல், வாலிபால், கடன், காதல், சமையல்... எதுக்கு வேணும்னாலும் ஒரு சீரியல் இருக்கு. அதனால, 'எனக்கு அனிமே பிடிக்காது'னு யாராச்சும் சொன்னா, 'எந்த அனிமே?'னு திருப்பிக் கேளுங்க. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

இன்னொரு பக்கம், நீங்க ஏற்கெனவே அனிமே ரசிகர்தான். டோரேமான் பையில இருந்து என்ன எடுப்பான்னு வாயைப் பொளந்து பார்த்தது யாரு? ஷின்சான் மாதிரி இடுப்பை ஆட்டி அம்மாகிட்ட கரண்டியால வாங்கினது யாரு? (அந்த ஷின்சானை 2008-ல நம்ம நாட்டுல தடையே பண்ணினாங்க. அப்புறம் கத்திரி போட்டுத் திரும்ப விட்டாங்க. நம்ம அம்மாக்களோட வேண்டுதலாத்தான் இருக்கும்!)

சரி, எங்க ஆரம்பிக்கிறது?

'ஒன் பீஸ்'ல ஆரம்பிக்காதீங்க. தப்பான சீரியல் இல்ல, சூப்பர் சீரியல். ஆனா 1999-ல ஆரம்பிச்சது, 1,000 எபிசோடைத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்கு. பாட்டைத் தள்ளிவிட்டு எபிசோடுக்கு 20 நிமிஷம்னு வெச்சாலும், 1,000 எபிசோடுக்குத் தூங்காம, சாப்பிடாம 14 நாள் ஆகும். செமஸ்டர் நேரத்துல இதைத் தொட்டா அரியர் கன்ஃபார்ம். 'நருட்டோ'வும் ரெண்டு பாகமும் சேர்த்து 720. அதுல பாதி வழியில கதை நின்னு, சும்மா ஊர் சுத்துற எபிசோடுகள் ஏராளம். அதையெல்லாம் தாண்டிக் குதிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சிபாரிசு பண்றேன்.

ஆக்‌ஷன் வேணும், கதையும் ஒழுங்கா முடியணும்னா ஒரே பேர்தான்... 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' (2009). 64 எபிசோடு. செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால உயிரோட கொண்டு வரப் பாக்குறாங்க ரெண்டு பொடிப் பசங்க. அண்ணனுக்கு ஒரு காலும் ஒரு கையும் போகுது. தம்பிக்கு உடம்பே போயி, வெறும் இரும்புக் கவசத்துக்குள்ள உசுரு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணு வேணும்னா அதே மதிப்புக்கு இன்னொண்ணைக் கொடுத்தாகணும்... இதுதான் அந்த உலகத்தோட சட்டம். சண்டை இருக்கு, சிரிப்பு இருக்கு, ராணுவம் பண்ணின இனப்படுகொலைக்கு யாரு பொறுப்புங்கிற கேள்வியும் இருக்கு. சித்தர் கதை கேட்டு வளர்ந்த நமக்கு ரசவாதம் ஒண்ணும் புதுசும் இல்ல.

இதை எழுதினவங்க ஹிரோமு அரகாவா. பெண். ஜப்பானோட வடக்குக் கோடி, ஹொக்கைடோ தீவுல மாட்டுப்பண்ணை வெச்சிருந்த குடும்பம். பள்ளிக்கூடம் முடிச்சு ஏழு வருஷம் வீட்டுப் பண்ணையிலேயே சாணி அள்ளி, பால் கறந்துட்டு, அப்புறம்தான் படம் வரைய டோக்கியோவுக்குக் கிளம்பினாங்க. இதை ஏன் சொல்றேன்னா, நான் உண்மையிலேயே உங்களைப் பார்க்க வைக்க நினைக்கிற சீரியல் அவங்களோட இன்னொண்ணு.

கெடாக்குட்டிக்குப் பேர் வெக்காதே!

'சில்வர் ஸ்பூன்'. 2013-ல ஒரு சீசன், 2014-ல ஒரு சீசன், மொத்தமே 22 எபிசோடுதான். வாள் இல்ல, பேய் இல்ல, உலகத்தை யாரும் காப்பாத்தல. ஹச்சிகென்னு ஒரு சிட்டிப் பையன். மார்க், ரேங்க்னு அப்பா கொடுத்த அழுத்தம் தாங்காம, வீட்டை விட்டுத் தூரமா போனா போதும்னு ஹாஸ்டலோட இருக்கிற விவசாயப் பள்ளிக்கூடத்துல வந்து சேர்றான். கூடப் படிக்கிற எல்லாரும் விவசாயி வீட்டுப் பசங்க. 'நான் பால்பண்ணை வெப்பேன்', 'நான் மாட்டு டாக்டர் ஆவேன்'னு ஆளாளுக்கு ஒரு கனவு. இவனுக்கு மட்டும் எதுவும் இல்ல. 'டிகிரி முடிச்சு என்ன பண்ணப் போற?'னு சொந்தக்காரங்க கேட்கும்போது கல்யாண வீட்டுப் பந்தியில இருந்து எந்திரிச்சு ஓடினவங்களுக்கு இவனை உடனே பிடிக்கும்.

பண்ணையில ஒரு நோஞ்சான் பன்றிக்குட்டி. மத்த குட்டிங்க தள்ளித் தள்ளி அதுக்குப் பாலே கிடைக்கல. ஹச்சிகென் இரக்கப்பட்டு அதைக் கவனிக்கிறான். எல்லாரும் 'பேர் வெக்காதே, பின்னாடி கஷ்டப்படுவே'ங்கிறாங்க. அவன் வெக்கிற பேர் 'பூட்டாடோன்'. அர்த்தம்? பன்றிக்கறிச் சோறு! சிரிப்பு வருதுல்ல... கொஞ்சம் பொறுங்க. மூணு மாசத்துல அதைக் கறிக்கு அனுப்பணும்.

இதை நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்க வேண்டியதே இல்ல. குலசாமி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கெடாவுக்கு ஒரு வருஷமா கருவேலங்காய் பொறுக்கிப் போட்டு வளர்த்த பொடியன், வெட்டுற அன்னிக்குக் கோயில் பின்னாடி போய் உக்காந்திருப்பான். பந்தியில எல்லாரும் கூப்பிடுவாங்க. போக மாட்டான். ஹச்சிகென் என்ன பண்றான் தெரியுமா? லீவுல வேலை பாத்துச் சம்பாதிச்ச காசைக் கொடுத்து, பூட்டாடோனோட மொத்தக் கறியையும் தானே விலைக்கு வாங்குறான். தானே உப்புக்கண்டம் மாதிரி பதப்படுத்தி, புகை போட்டு, எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்து, அவனும் சாப்பிடுறான். சரியா தப்பான்னு சீரியல் தீர்ப்பு சொல்லல. அவன் முகத்தை மட்டும் காட்டுது.

ரெண்டாவது சீசன்தான் நெஞ்சைப் பிடிக்கும். கோமாபான்னு ஒருத்தன். அப்பா இல்ல. வீட்டுல மாட்டுப்பண்ணை, அது மேல மலை மாதிரி கடன். பேஸ்பால்ல பந்து வீசுறதுல கில்லி. பெரிய டோர்னமென்ட்ல ஜெயிச்சு, புரொஃபஷனல் ஆகி, கடனை அடைக்கணும். இதுதான் ப்ளான். வேற எந்த மொழிப் படமா இருந்தாலும் கடைசிப் பந்துல ஜெயிச்சிருப்பான். இங்க தோக்குறான். பண்ணை மூடுது, மாடுகளை லாரியில ஏத்துறாங்க, அவன் படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறான். இதோட நிக்கல. பக்கத்துப் பண்ணைக்காரங்க, மிகாகே குடும்பம், அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க பொண்ணு உசுரா வளர்த்த குதிரை விலைக்குப் போகுது.

ஜாமீன் போட்டுப் போன குடும்பம் நம்ம தெருவுல எத்தனை! குமாரலிங்கபுரம் மாதிரி வானம் பார்த்த கரிசக்காட்டுல, மழை பேஞ்சா பருத்தி, பேயாட்டி அடகுக்கடை. அந்தக் கணக்குத் தெரிஞ்ச பசங்களுக்கு ஹொக்கைடோ ரொம்பத் தூரம் இல்ல. விருதுநகர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சுல ஒப்பந்தம் போட்டாங்க. காட்டைப் பார்க்கிறதா, கம்பெனி வாசல்ல நிக்கிறதா, இல்ல ராத்திரி பஸ்ஸுல சென்னைக்கே போயிடுறதான்னு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துல ஒவ்வொரு வீட்டுலயும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல ஓடுற பேச்சுதான், மிகாகே வீட்டுலயும் ஓடுது. ஒரே பொண்ணு, பண்ணையை நீதான் பாக்கணும்னு தாத்தா காலத்துல இருந்தே முடிவாகிப் போச்சு. அவளுக்கோ குதிரைகளோட இருக்கணும். அதை வீட்டுல எப்படிச் சொல்றது? அந்த எபிசோடைப் பாக்கும்போது பக்கத்துல அப்பா இருந்தா நல்லது. இல்லாட்டி இன்னும் நல்லது!

கம்மாய்க்குள்ள வாலிபால்

தண்ணி வத்தின கம்மாய்ல ரெண்டு கம்பு நட்டு, நெட் கட்டி, இருட்டுற வரைக்கும் வாலிபால் ஆடுற ஊர்க்காரங்களுக்கு 'ஹைக்யூ!!' (2014) கட்டாயப் பாடம். ஹினாட்டா குள்ளம். 160 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டின உயரத்தை வெச்சுக்கிட்டு ஸ்பைக் அடிக்கணும்கிறான். நடுநிலைப் பள்ளியில அவனுக்கு டீமே இல்ல. வேற கேம் ஆடுற ஃப்ரெண்ட்ஸைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போய், ஆடின ஒரே மேட்ச்சுலயும் படுதோல்வி. அப்புறம் கராசுனோ ஸ்கூல்ல சேர்ந்தா, தன்னைத் தோக்கடிச்ச ககெயாமாவே அதே டீம்ல நிக்கிறான்.

மேட்ச் சூடு அப்படியே தொத்திக்கும், அதுல சந்தேகமே இல்ல. எனக்குப் பிடிச்ச இடம் வேற. முதல் சீசன்ல டோகோனாமின்னு ஒரு டீம் வரும். முதல் ரவுண்டுலயே அவுட். வேற எந்தக் கதையிலயும் ஹீரோவோட முதல் ஜெயத்துக்கு உரம் அவங்க, அவ்வளவுதான். இங்க கேமரா அவங்க பின்னாடியே போகுது. மூணு வருஷம் ஆடி, ஒரே மேட்ச்சுல எல்லாம் முடிஞ்சு போன பசங்க எப்படி பஸ்ஸுக்கு நடப்பாங்கன்னு காட்டுது. மாவட்ட மேட்ச்சுல முதல் ரவுண்டோட திரும்பி வந்த அனுபவம் இருக்கிறவங்க, கர்ச்சீப்போட உக்காருங்க.

த்ரில்லர் பத்தி ரெண்டே வரி. 'டெத் நோட்' (2006), 37 எபிசோடு. நோட்டுல பேர் எழுதினா ஆள் காலி. 25-வது எபிசோடு வரைக்கும் நகத்தைக் கடிச்சுத் துப்புவீங்க, அதுக்கப்புறம் சரக்கு குறைஞ்சுடுச்சு. பொறுமை இருந்தா 'மான்ஸ்டர்' (2004). ஒரு டாக்டர் காப்பாத்தின சின்னப் பையன், வளர்ந்து கொலைகாரனா வந்து நிக்கிறான். மெதுவாப் போகும், 74 எபிசோடு. ஆனா தூக்கம் போகும். விண்வெளிக் கதைன்னா 'பிளானட்டெஸ்' (2003). ராக்கெட் ஹீரோ யாரும் இல்ல. விண்வெளியில குப்பை பொறுக்குற கம்பெனியோட கடைநிலை ஊழியர்களோட கதை. சம்பளம், ஷிஃப்ட், மேனேஜர் திட்டு எல்லாம் அங்கேயும் உண்டு!

அப்பத்தா சொன்ன மாதிரி ஒரு கதை

'முஷிஷி' (2005). 26 எபிசோடு, ஒவ்வொண்ணும் தனிக்கதை. கிங்கோன்னு ஒரு நாடோடி வைத்தியன். கண்ணுக்குத் தெரியாத 'முஷி'ங்கிற உயிர்களால வர்ற பிரச்னையைத் தீர்க்க ஊர் ஊரா நடக்கிறான். பேய் ஓட்டுற ஆள் இல்ல. முஷி கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. அது பாட்டுக்கு வாழுது, குறுக்க நாம இருக்கோம், அவ்வளவுதான். முனி, காத்துக் கருப்புனு அப்பத்தா சொன்ன கதைகளோட அதே வாசம். கி.ராஜநாராயணன் தேடித் தேடிச் சேர்த்த கரிசல் நாட்டுப்புறக் கதைகளைப் படிச்சவங்க சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

ஒன்பதாவது எபிசோடை மட்டுமாவது பாருங்க. ஒரு ஊர்ல, ஊரே பஞ்சத்துல கிடக்கிற வருஷத்துல மட்டும் வெள்ளாமை கொட்டோ கொட்டுனு கொட்டும். ஆனா அந்த வருஷ அறுப்பு முடியும்போது ஊர்ல ஒரு உசுரு போகும், அதுவும் இருக்கிறதுலயே பலவீனமான உசுரு. பூசாரிக்கு இது தெரியும். வித்து அவர் கையில. ஊருக்குச் சோறா, ஒருத்தர் உசுரா? தாது வருஷப் பஞ்சத்துக் கதையை இன்னும் சொல்ற மண்ணுல இருந்து பாக்கும்போது இது கற்பனைக் கதையாவே தோணாது.

அழணும்னா ரெண்டு சாய்ஸ். 'வயலட் எவர்கார்டன்' (2018), பத்தாவது எபிசோடு. நோயாளி அம்மா, சின்ன மகள், கொஞ்சம் கடிதங்கள். இதுக்கு மேல சொல்ல மாட்டேன். இதை எடுத்த கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு 2019 ஜூலையில ஒருத்தன் தீ வெச்சதுல 36 பேர் செத்துப்போனாங்க. அது தெரிஞ்சு பாக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும் கனக்குது. இன்னொண்ணு சீரியல் இல்ல, படம். 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' (1988). போர்ல அம்மாவை இழந்த அண்ணன் - தங்கச்சி கதை. பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம், சொல்லிட்டேன்.

'எல்லாம் சரி பாஸ், இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்கிறதுக்குள்ள சீனே போயிடுதே'ங்கிறீங்களா? நியாயம்தான். 'சில்வர் ஸ்பூன்', 'முஷிஷி' எல்லாம் நான் அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன். ரெண்டு எபிசோடு தாண்டிட்டா கண்ணு பழகிடும், கூடவே இங்கிலீஷும் கொஞ்சம் ஒட்டிக்கும். ஆனா காலம் மாறுது. 2023-ல இருந்து க்ரஞ்சிரோல் தமிழ் டப்பிங் போட ஆரம்பிச்சது. 2024-ல வந்த 'சோலோ லெவலிங்' தமிழ் பேசுச்சு. 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்லயே தியேட்டருக்கு வந்து, காலைக் காட்சிக்கு காலேஜ் கும்பல் கூடுச்சு. தமிழ் டப்பிங்ல சண்டைப் படங்களுக்குத்தான் முதல் மரியாதை. ஜாமீன் கையெழுத்துக் கதை தமிழ்ல பேசினா வீட்டுல அத்தனை பேரும் உக்காந்து பார்ப்பாங்க. இதை யாராச்சும் அந்தக் கம்பெனிக்காரங்க காதுல போடுங்கப்பா!

அதுவரைக்கும் வீட்டுல எல்லாரையும் சேர்த்து உக்கார வைக்க ஒரு படம் கைவசம் இருக்கு. 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. யூகோ சாகோங்கிற ஜப்பான்காரர், நம்ம ராம் மோகனோட சேர்ந்து 1992-ல எடுத்த ராமாயணம். 450 கலைஞர்கள், கையால வரைஞ்ச ஏறக்குறைய 1 லட்சம் படங்கள். 2025 ஜனவரியில தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கு வந்தது. கும்பகர்ணன் எந்திரிக்கிற சீன் ஒண்ணு போதும், அப்பத்தா கட்டில்ல நிமிர்ந்து உக்காந்துடும். ஓடுற நேரம் ரெண்டேகால் மணி. சாயங்காலம் நாலு மணிக்கே போட்டுடுங்க, ஏழு மணிக்கு மேல ரிமோட் உங்க கையில இருக்காது.