மலைப்பாதைக்கும் பராமரிப்பு வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர் பலர், விடுமுறை கிடைத்ததும் மலையேறப் புறப்பட்டுவிடுகின்றனர். வாரமெல்லாம் இயந்திரத்தோடு நின்றவர்களுக்கு ஒரு நாளேனும் நல்ல காற்று வேண்டாமா? வேண்டும்தான். ஆயினும், இயந்திரத்தைக் குறித்த நாளில் நிறுத்தி, எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றாவிடில் என்ன நேரும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? தாம் ஏறும் பாதையும் அவ்வாறே தேய்கிறது என்பதைத்தான் பலர் எண்ணுவதில்லை.

நம் செங்கற்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலையையே எடுத்துக்கொள்வோம். தவக்காலத்தில் நாம் செபித்துக்கொண்டே ஏறும் கற்படிகளை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்துத் தந்தவர், கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் அவரே. கட்டியதோடு அவர் அமைந்துவிடவில்லை. பாலத்தைப் பழுதுபார்த்து வரத் தனித்தொகையும் ஒதுக்கிவைத்தார். (நம் பங்குகளில் கோயில் கட்டும் குழுவினர் இதைச் சற்றே கவனிப்பார்களாக!)

படியில்லாத மண்பாதையின் நிலை வேறு. ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்க மிதிக்க மண் இறுகிப்போகிறது. இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். ஓடும் நீர் மண்ணை அரிக்க, மரவேர்கள் வெளியே தெரிகின்றன, கற்கள் பெயர்கின்றன. பள்ளத்தைக் கண்டவர்கள் ஓரமாக நடக்கின்றனர். ஓரத்துப் புல்லும் மடிகிறது. ஒற்றையடிப் பாதை இவ்வாறே மாட்டுவண்டித் தடமளவு அகன்றுவிடுகிறது. கால் தொடங்கிவைத்ததை நீர் முடித்துவைக்கிறது எனலாம்.

ஆகவே பாதையை ஆராய்வோர் முதலில் அதன் அகலத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் சரிவையும் அளந்து குறிக்கின்றனர். மழை பெய்யும்போதே நடந்து பார்ப்பது இன்னும் நல்லது. நீர் எங்கே புகுகிறது, எங்கே வெளியேற மறுக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சீரமைப்பில் தலையாய வேலை நீரை வெளியேற்றுவதே. பாதைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கற்களைப் பதித்து, நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றனர். செங்குத்தான இடங்களில் கற்களை நெருக்கமாக அடுக்கிப் படியாக்குகின்றனர். இங்கிலாந்தின் ஏரி மாவட்ட மலைகளில் இதற்கான கற்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச்செல்கிறார்கள்; அடுக்குவதோ கைவேலைதான்.

வளைந்து செல்லும் பாதையில் இரு வளைவுகளுக்கிடையே நேராக இறங்குவதுதான் நம்மவர் செய்யும் பெருங்கேடு. பத்து நிமிடம் மிச்சம். மலைக்கோ புதியதொரு ஓடை. அத்தகைய குறுக்குவழிகளை முள்ளும் கிளையும் இட்டு அடைத்து, அம்மண்ணுக்குரிய செடிகள் மீண்டும் வேரூன்றும்வரை காக்கவேண்டியுள்ளது. பாறையில் பெயர் தீட்டும் காதலரைப் பற்றி எழுதத் தாள் போதாது.

பாதையைக் காப்பது ஆளையும் காப்பதாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அதில் 23 உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களைத் திறந்து, முன்பதிவையும் வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்தது. எனவே நம் பிள்ளைகள் கிளம்பும்போது, பதிவு செய்தாயிற்றா, வழிகாட்டி உண்டா எனப் பெற்றோர் கேட்பது தொந்தரவாகாது.

தீ பரவும் காலத்தை முன்னிட்டு, 2025இல் பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை அத்தடங்கள் மூடப்பட்டிருந்தன. அதுவே பெரும்பாலும் நம் தவக்காலம். அந்நாள்களில் ஏறியே தீரவேண்டும் என்போருக்குப் பரங்கிமலைப் படிகள் இருக்கவே இருக்கின்றன.