பிரேக் ஆயிலுக்கும் வயதுண்டு

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை நிறைத்துவிடுகின்றன. பின்விளக்கில்லாத டிரெய்லர் ஒன்று இருட்டில் திடீரென எதிர்ப்பட்டால் பின்னால் வரும் காரைக் காப்பது பிரேக்தான். வாடகைக் கார்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. சொந்தக் காருக்கோ பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை அப்படி எந்தக் கட்டாயச் சோதனையும் இல்லை. அத்தனை காலமும் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் உரிமையாளர்தான். அவர் கவனிக்கத் தவறுவது பெரும்பாலும் பிரேக் ஆயிலை.

பெடலில் நாம் கொடுக்கும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குக் கொண்டுபோவது இந்தத் திரவம். நம் கார்களில் பெரும்பாலும் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 ஆகிவிடும். டாட் 4-க்கு 230-லிருந்து 155. சக்கரம் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றும் அழுத்தினால் சுருங்கும் என்பதால் பெடல் தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. "வண்டி அதிகம் ஓடவில்லையே" என்பவர்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஈரம் கிலோமீட்டரைப் பார்த்துச் சேர்வதில்லை. அதனால்தான் பல கையேடுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. "இங்கே மலைப்பாதை ஏது?" என்ற கேள்வியும் நியாயமானதுதான், சமவெளியில் ஆயில் கொதிப்பது அரிது. ஆனால் அதே கார்தான் விடுமுறையில் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஏறி இறங்குகிறது. சமவெளியிலேயே நின்றாலும், ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பினால் போதும் என்பது இன்னும் ஆபத்தான எண்ணம். பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும். காரணம் தேடாமல் நிரப்புவது எச்சரிக்கையை மூடி மறைப்பதுதான். எஞ்சின் ஆயிலைத் தவறி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஆயிலை மாற்றி ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்போது, நிப்பிள் வழியே பழைய திரவம் முழுதும் வெளியேறி, குமிழியில்லாத புதுத் திரவம் வரவேண்டும்; அதுவரை மேலே உள்ள டப்பா வற்றவே கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஏபிஎஸ் உள்ள சில கார்களுக்கு ஸ்கேனரும் வேண்டும். வடித்த ஆயிலை மறுபடி ஊற்ற விடாதீர்கள். சீல் உடைக்காத டப்பாவை உங்கள் முன் திறக்கச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை.

தெரிந்த மெக்கானிக்கிடம் எப்படி பில் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். நேர்மையாக வேலை செய்தவருக்கும் அந்தத் தாள்தான் சாட்சி. திரவத்தின் வகை, தேதி, செய்த வேலை மூன்றும் அதில் இருக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு வேலையை அரைகுறையாக முடிப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுபவரும் இச்சட்டத்தில் நுகர்வோர்தான். குறை தயாரிப்பிலேயே இருப்பதும் உண்டு: 2022 அக்டோபரில் மாருதி சுசூகி, பின்பக்க பிரேக்கில் ஒரு பின் உடையக்கூடும் என்று 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. அத்தகைய பழுதை நிறுவனமே இலவசமாகச் சரிசெய்து தரும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் காரும் அதில் சேருமா என்று கேட்கலாம். புகாருக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியைச் சென்னையில் பழுது பார்த்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும்.