கூப்பன் கோடு கொடுத்தால் கமிஷன்... நேர்மையாகச் சம்பாதிக்க முடியுமா?

ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கப் போகிறீர்கள். பணம் கட்டும் பக்கத்தில் ‘கூப்பன் கோடு இருக்கிறதா?’ என்று ஒரு காலிக் கட்டம் நிற்கும். உடனே கூகுளில் அந்தக் கடையின் பெயரோடு ‘கூப்பன்’ என்று சேர்த்துத் தேடுவோம். பத்து வலைத்தளங்கள் வரிசை கட்டி வரும். ஒன்றில் நுழைந்து ‘கூப்பனைக் காட்டு’ என்ற பட்டனை அழுத்தினால், அதே கடையின் பக்கம் இன்னொரு முறை திறக்கும். நான்கு கூப்பன் போட்டுப் பார்த்தாலும் நான்கும் ‘செல்லாது’ என்று வரும். சரி போகட்டும் என்று முழு விலை கொடுத்து வாங்கிவிடுவோம்.

நமக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை. ஆனால், அந்த வலைத்தளத்துக்குக் கமிஷன் கிடைத்திருக்கலாம்! அது எப்படி? வீட்டிலிருந்தே கூப்பன் தளம் நடத்திச் சம்பாதிக்க நினைப்பவர்கள் இதை நேர்மையாகச் செய்ய வழி உண்டா?

கமிஷன் எங்கிருந்து வருகிறது?

இதற்கு ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ என்று பெயர். உங்கள் தளத்தில் உள்ள லிங்க் வழியாக ஒருவர் கடைக்குப் போய்ப் பொருள் வாங்கினால், விற்பனைத் தொகையில் ஒரு பங்கைக் கடை உங்களுக்குத் தரும். அமேசான் 1996-லேயே இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் கூப்பன்துனியா 2010-லும், ஐதராபாத்தைச் சேர்ந்த கிராப்ஆன் 2013-லும் வந்தன. அதே 2013-ல் தொடங்கிய கேஷ்கரோ, கமிஷனில் ஒரு பகுதியை வாங்குபவருக்கே ‘கேஷ்பேக்’ ஆகத் திருப்பிக் கொடுக்கிறது. 2016-ல் ரத்தன் டாடா அதில் முதலீடு செய்தார்.

உதாரணமாக, 2,000 ரூபாய் பொருளுக்கு 5 சதவீதம் கமிஷன் என்றால் 100 ரூபாய். ஆனால் அது உடனே கைக்கு வராது. பொருளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் வரை அந்தத் தொகை நிலுவையில் நிற்கும். வாங்கியவர் ஆர்டரை ரத்து செய்தாலோ, பொருளைத் திருப்பி அனுப்பினாலோ கமிஷனும் போய்விடும்.

‘கடைசி கிளிக்’ என்னும் கணக்கு

நீங்கள்தான் ஆளை அனுப்பினீர்கள் என்று கடைக்கு எப்படித் தெரியும்? லிங்கை அழுத்தியதும் ‘குக்கீ’ எனப்படும் சின்னப் பதிவு ஒன்று வாங்குபவரின் பிரவுசரில் உட்கார்ந்துகொள்ளும். இவர் இன்னார் அனுப்பி வந்தவர் என்ற சீட்டு அது. அமேசானில் பொதுவாக இதற்கு 24 மணி நேரம்தான் ஆயுள். மற்ற கடைகளில் நாள்கணக்கில் நீளலாம்.

இரண்டு மூன்று பேரின் லிங்கை ஒருவரே அழுத்தியிருந்தால்? பெரும்பாலான இடங்களில் கடைசியாக அழுத்திய லிங்குக்குத்தான் கமிஷன். பிரச்சினையின் வேரே இந்த விதிதான். ஒரு பொருளைப் பத்து நாள் பயன்படுத்திப் பார்த்து விமர்சனம் எழுதியவர் ஒருவர். பணம் கட்டும் நேரத்தில் குறுக்கே வந்து செல்லாத கூப்பனைக் காட்டியவர் இன்னொருவர். கமிஷன் இரண்டாமவருக்குப் போய்விடும்.

தரங்கம்பாடியில் வைத்துப் பார்த்தால்...

தரகு நம்ம டெல்டாவுக்குப் புதுசு இல்லை. நெல் வியாபாரத்தில் தரகர் உண்டு. ஐரோப்பியர் வணிகம் செய்த காலத்தில் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களில் துபாஷிகள் மொழிபெயர்ப்போடு தரகு வேலையும் பார்த்தார்கள். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியும் அப்படியொரு வணிகத் துறைமுகம்தான்.

இன்று அங்கே டேனிஷ் கோட்டையைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர், “நல்ல ஓட்டல் இருக்குங்க, வாங்க” என்று அழைத்துப் போகிறார். ஓட்டல்காரர் அவருக்கு 100 ரூபாய் கொடுக்கிறார். இதில் தப்பே இல்லை. ஆட்டோக்காரர் வராவிட்டால் அந்தக் குடும்பம் அந்த ஓட்டலுக்கு வந்திருக்காது.

இன்னொரு குடும்பம் முன்பே ரூம் போட்டுவிட்டு வந்து கவுன்ட்டரில் நிற்கிறது. வாசலில் இருந்த ஒருவர் ஓடிவந்து, “நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்” என்று கை நீட்டினால்? செல்லாத கூப்பனைக் காட்டும் தளம் செய்வது இதைத்தான். ஆட்டோக்காரர் கூட்டிவந்தவர்களையே தன் கணக்கில் எழுதச் சொன்னால் அது இன்னும் மோசம். இந்த இரண்டுமே இணையத்தில் பெரிய வழக்குகளாக வெடித்திருக்கின்றன.

ஈபே வழக்கும் ஹனி சர்ச்சையும்

அமெரிக்காவில் ஷான் ஹோகன் என்பவர் ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் முன்னணியில் இருந்தவர். லட்சக்கணக்கான டாலர் கமிஷன் வாங்கினார். ஈபே லிங்கை யாரும் அழுத்தாமலேயே, வேறு பக்கங்களுக்கு வந்தவர்களின் பிரவுசரில் ரகசியமாகக் குக்கீயைத் திணித்தார் என்பது குற்றச்சாட்டு. ‘குக்கீ ஸ்டஃபிங்’ என்று இதைச் சொல்வார்கள். மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2014-ல் 5 மாதம் சிறை. இதே வேலையைச் செய்த பிரையன் டன்னிங்குக்கு 15 மாதம்.

அடுத்தது ஹனி. பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே கூப்பன் தேடித்தரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இது. 2019-ல் சுமார் 400 கோடி டாலருக்கு இதை வாங்குவதாக பேபால் அறிவித்தது. 2024 டிசம்பரில் மெகாலாக் என்ற யூடியூப் சேனல் வெளியிட்ட வீடியோ பெரும் அதிர்வை உண்டாக்கியது. யூடியூபர்களின் லிங்க் வழியாக வந்தவர்களிடமும் கடைசி நொடியில் ஹனி தன் குக்கீயை மாற்றி வைத்தது, கூப்பன் எதுவும் கிடைக்காதபோதுகூட அப்படிச் செய்தது என்பது அதன் குற்றச்சாட்டு. லீகல்ஈகிள் உள்ளிட்ட யூடியூபர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ‘கடைசி கிளிக்’ உள்ளிட்ட துறையின் வழக்கங்களையே பின்பற்றுகிறோம் என்று பேபால் பதில் சொன்னது.

இதையடுத்து 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்கியது. பயன்படுத்துபவருக்கு நேரடிப் பலன் இல்லாமலும், அவர் தானாக ஒன்றைச் செய்யாமலும் அஃபிலியேட் லிங்கைப் புகுத்தக் கூடாது என்கிறது புதிய விதி.

அப்படியென்றால் நேர்மையான வழி எது?

‘இந்தக் கமிஷனுக்கு நான் என்ன செய்தேன்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நடைமுறையில்:

1. சோதித்த கூப்பனை மட்டும் போடுங்கள். கடைசியாகச் சோதித்த தேதியைப் பக்கத்திலேயே எழுதுங்கள். காலாவதியானதை அன்றே நீக்குங்கள்.

2. நிபந்தனையை முன்கூட்டியே சொல்லுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவுக்கு வாங்க வேண்டும், புதிய வாடிக்கையாளருக்கு மட்டுமா, எந்த வங்கி கார்டு என்பதெல்லாம் அழுத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

3. கூப்பன் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். வெறும் கிளிக்குக்காக ‘கூப்பனைக் காட்டு’ பட்டன் வைப்பது ஏமாற்று வேலை.

4. உங்களுக்கென்று தனி கோடு கேளுங்கள். சில கடைகள் ஒவ்வொரு தளத்துக்கும் தனி கூப்பன் தருகின்றன. அதைப் பயன்படுத்தி வாங்கியவர் உங்களால் வந்தவர் என்பதில் சண்டைக்கே இடமில்லை.

5. உங்கள் லிங்கில் நீங்களே வாங்காதீர்கள். அமேசான் உட்படப் பல நிறுவனங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘கமிஷன் வருதுன்னு சொன்னா யாரும் அழுத்த மாட்டாங்களே’ என்று சிலர் தயங்குவார்கள். ஆனால், சொல்லித்தான் ஆக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதைத் தெளிவாக அறிவிக்கச் சொல்கிறது. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. முக்கியமாக, பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் தளம் நடத்திவிட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டால் போதாது. ‘இந்த லிங்கில் நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்ற ஒரு வரி, கூப்பனுக்கு மேலேயே இருக்கட்டும்.

தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ‘இன்னும் 5 நிமிடம்தான்!’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், விளம்பரத்தைச் செய்தி போலக் காட்டுவதும் 2023 நவம்பரில் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ தடுப்பு விதிகளின் பட்டியலில் உள்ளன.

வரியும் உண்டு. ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் கொடுத்தால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். டிடிஎஸ் பிடிக்காத சின்னத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும்.

வாங்குபவர்கள் கவனிக்க

உங்களுக்குப் பிடித்த யூடியூபரோ தளமோ நல்ல விமர்சனம் கொடுத்து, அவர் லிங்கில் வந்திருந்தால், பணம் கட்டும் நேரத்தில் வேறு தளத்தில் கூப்பன் தேடும்போது அவருடைய கமிஷன் கைமாறலாம். முதலில் அவரே ஏதாவது கோடு கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். தேவையில்லாத கூப்பன் எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிடுங்கள். செல்லாத கூப்பனை இரண்டு முறை காட்டிய தளத்துக்கு மூன்றாவது முறை போக வேண்டாம்.

கூப்பன் தளம் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு பொய் கூப்பன் போட்டால் நூறு கிளிக் வரலாம். ஆனால் ஏமாந்தவர் திரும்ப வரமாட்டார். பத்தே கூப்பன் இருந்தாலும் பத்தும் வேலை செய்தால், அடுத்த தீபாவளிக்கும் அவர் உங்கள் தளத்தைத்தான் தேடி வருவார்.