தகட்டில் இருக்கிற எண்

டீயைக் குடி தம்பி, ஆறிவிடும். டல்லாஸ் வெயிலில் ஏசி நின்றுபோனால் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய ஃபியூஸாக வாங்கி மாட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடு.

வெளி யூனிட்டை ஒட்டிய சுவரில் டிஸ்கனெக்ட் என்கிற சின்னப் பெட்டி இருக்கிறதல்லவா? பல வீடுகளில் அதிலிருந்து உருவும் கட்டைக்குள் இரண்டு உருளை ஃபியூஸ் இருக்கும். 240 வோல்ட் இரண்டு லைனாக வருவதால் லைனுக்கு ஒன்று. பழையதைப் பார்த்து அதே அளவில் வாங்காதே. முன்பு குடியிருந்தவர் எதை மாட்டினாரோ! யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படி. 'மினிமம் சர்க்யூட் ஆம்பாசிட்டி' 21.2, 'மேக்ஸ் ஃபியூஸ்' 35 என்று போட்டிருந்தால், முதல் எண் வயருக்கு, இரண்டாவது ஃபியூஸுக்கு. 35-ஐத் தாண்டவே கூடாது.

அந்த 21.2-க்குப் போதுமென்று போட்ட 30 ஆம்பியர் வயருக்கு 35 ஃபியூஸா என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாரம் கூடிச் சூடேறினால் நிறுத்துவதற்குக் கம்ப்ரஸரிலேயே ஓவர்லோட் பாதுகாப்பு உண்டு. ஃபியூஸின் முக்கிய வேலை, ஷார்ட்டோ எர்த்தோ ஆனால் உடனே அறுபடுவது. அதனால்தான் ஏசி சர்க்யூட்டுக்கு விதி இப்படி இடம் கொடுக்கிறது. வாங்கும்போது 'டைம் டிலே' என்று அச்சிட்டிருக்கிறதா, வோல்ட் 250 இருக்கிறதா பார். சாதாரண ஃபியூஸ் கம்ப்ரஸர் கிளம்பும்போதே போய்விடலாம்.

சோதிப்பதற்கு முன் பேனலில் பிரேக்கரை அணை. கட்டையை உருவிவிட்டால் போதும் என்று நினைக்காதே. பிரேக்கர் அணையாதவரை பெட்டிக்குள் வரும் லைனில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மீட்டர் வைத்து இல்லை என்று உறுதிசெய்த பிறகு ஃபியூஸைக் கழற்றி, இரு முனையிலும் ஓம் பார். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் நல்லது, 'ஓஎல்' என்றால் போய்விட்டது. மாட்டியபடியே ஓம் பார்த்தால் ஏமாந்துபோவாய். ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் மாற்று. பிடிக்கும் கிளிப் கறுத்தோ தளர்ந்தோ இருந்தால் புது ஃபியூஸும் அந்தச் சூட்டில் போகும். அப்போது பெட்டியையே மாற்ற வேண்டும். ஃபியூஸ் கிடைக்கவில்லையென்று செம்புக் குழாய்த் துண்டைச் செருகுகிறவர்கள் உண்டு. அது வீட்டைக் கொளுத்தும் வேலை.

இரண்டும் நன்றாக இருந்தால் உள் யூனிட்டின் போர்டில் காரில் வருவது போன்ற 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸைப் பார். தெர்மோஸ்டாட் வயர் எங்காவது உரசினாலும், புல்வெட்டி வெளி வயரைக் கடித்தாலும் அதுதான் முதலில் போகும்.

புது ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதை மாட்டாதே. கம்ப்ரஸரிலோ வயரிலோ எங்கோ ஷார்ட் இருக்கிறது. டெக்னீஷியனைக் கூப்பிடு.