ஆப்பரேஷனுக்குப் பிறகு எத்தனை போத்தல் தண்ணீர்?



ஆப்பரேஷன் முடிந்து வார்டில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறீர்கள். உதடு காய்ந்திருக்கிறது. சிறுநீர்ப் பையில் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. உடனே நாம் என்ன சொல்வோம்? “மிஸ்ஸி, தண்ணி பத்தல போலிருக்கு, இன்னொரு போத்தல் ஏத்துங்களேன்!”

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு போத்தல் சிலருக்கு உயிர் கொடுக்கும். சிலருக்கு மூச்சை அடைக்கும்.

செம்பனைக்குத் தண்ணீர் குறைந்தால் குலை குறையும். கால்வாய் அடைத்துத் தண்ணீர் தேங்கினாலோ வேர் கெடும். உடம்பும் அப்படித்தான். இரத்தப்போக்கு, வாந்தி, காய்ச்சல் இவற்றால் நீர் குறைந்தால் சிறுநீரகம் பழுதாகும். நீர் மிஞ்சினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், குடல் வீங்கும்.

“அப்படியானால் குறைத்தே கொடுக்கலாமே” என்பீர்கள். அதுவும் தப்பு. 2018-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், பெரிய வயிற்று ஆப்பரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 3,000 பேரைக் கவனித்தார்கள். நீரை மிகவும் கட்டுப்படுத்தியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 9 பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. தாராளமாகப் பெற்றவர்களில் 5 பேருக்குத்தான்.

ஆக, ஆளுக்கு ஆள் அளவு வேறு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுநீரை மட்டும் நம்ப முடியாது. ஆப்பரேஷன் அதிர்ச்சியில் உடம்பே ஓரிரு நாள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் கட்டிலருகே கொண்டுவரும் சிறிய ஸ்கேன் கருவி உதவுகிறது. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிறார்களே, அதே வகைதான். காதுக்குக் கேட்காத ஒலி அலையால் வேலை செய்கிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது, வலியும் கிடையாது. பயப்பட வேண்டாம்.

டாக்டர் அதில் என்ன பார்க்கிறார்?

முதலில் அடிவயிறு. உள்ளே சிறுநீர் நிறைந்து நின்றால், அது வெளியேற வழியில்லை அல்லது டியூப் அடைத்திருக்கிறது என்று பொருள். அதற்குப் போத்தல் ஏற்றினால் வேதனைதான் கூடும்.

அடுத்து, கீழுடம்பு இரத்தத்தை இருதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய நாளம். தண்ணீர் குறைந்த ரப்பர் குழாயை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதுபோல், நீர் குறைந்தவருக்கு மூச்சிழுக்கும்போது இந்த நாளம் சுருங்கும். 2 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து, மூச்சுக்கு அசையாமல் நின்றால் டாக்டர் எச்சரிக்கையாகிவிடுவார்.

பிறகு இருதயம் நன்றாகச் சுருங்குகிறதா என்பது. கடைசியாக நுரையீரல். அங்கே நீர் கோத்திருந்தால் திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் பல தெரியும்.

ஆனால் ஸ்கேன் ஒன்றே தீர்ப்புச் சொல்லாது. இருதய நோய், மூச்சுக் கருவி இவற்றாலும் நாளம் விரிந்து காட்டும். அதனால் நாடி, இரத்த அழுத்தம், சிறுநீர்க் கணக்கு, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தே டாக்டர் முடிவெடுப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது:

இருதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ‘தண்ணி மாத்திரை’ சாப்பிட்டாலோ, ஆப்பரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேட்காமல் தண்ணீரோ இளநீரோ கொடுக்காதீர்கள். அனுமதித்துக் கொடுத்தாலும், குடித்த அளவை மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். சிறுநீரை நீங்களாகக் கொட்டிவிடாதீர்கள். அது கணக்கில் வர வேண்டும். டிரிப் சக்கரத்தில் கை வைக்கவே கூடாது.

படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, பல மணி நேரமாகச் சிறுநீரே இல்லையா? உடனே கூப்பிடுங்கள். மொழி தடையென்றால் “செசாக் நஃபாஸ்” என்றாலே மூச்சுத் திணறல் என்று புரிந்துகொள்வார்கள்.

இனிமேல் “இன்னொரு போத்தல் ஏத்துங்க” என்று சொல்லாமல், “டாக்டர், இவருக்குத் தண்ணி குறைவா, கூடுதலா? ஸ்கேன் வச்சுப் பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், தோழர்களே. கட்டிலில் கிடப்பவர் நம் ஆள்.